கழியொலியும் பழகிய கையும்

கழியொலி என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது கர்ப்பிணிப் பெண்களுக்கு எடுக்கும் 'ஸ்கான்' மட்டுமே. 1958 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்ட் குழுவினர் 'லான்செற்' இதழில் இத்தகைய படங்களை வெளியிட்டனர். அவர்களுக்கு வழிகாட்டியது, உலோகத்தில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக் கருவி.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையே கேட்கும். மருத்துவத்திற் பயன்படுவதோ பல மில்லியன் ஹேர்ட்ஸ். மென்னிழையங்களூடாக இவ்வொலி செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர் வேகத்திற் செல்கிறது. எதிரொலி திரும்ப எடுக்கும் நேரமே ஆழத்தைச் சொல்கிறது. அதிர்வெண் கூடினால் படம் துல்லியமாகும். ஆனால் ஒலி ஆழமாகச் செல்லாது.

பின்னர் வந்த முக்கிய மாற்றம், உருவத்தோடு விறைப்பையும் அளக்க முடிந்தமை. ஒலியால் இழையத்தை மெல்லத் தள்ளினால் பக்கவாட்டில் ஓர் அலை பரவும். விறைத்த இழையத்தில் அது விரைவாக ஓடும். ஈரலில் வடு ஏறியிருப்பதைப் பல வேளைகளில் ஊசியாற் துண்டெடுக்காமலே மதிப்பிடுவது இவ்வாறுதான். மொன்றியல் பல்கலைக்கழக வைத்தியசாலை ஆய்வு நிலையத்தில் கீ குளூத்தியேயின் ஆய்வுகூடம் கழியொலியாற் கழுத்து நாடிச் சுவரின் படிவுகளை ஆராய்ந்துள்ளது. படிவு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது மட்டுமன்றி, அது உடையக்கூடியதா என்பதும் பக்கவாதத்தைத் தீர்மானிக்கிறது. நீரிழிவும் இதயநோயும் மலிந்த தென்னாசியருக்கு இது தூரத்து விடயமன்று.

ஒலி சிகிச்சையும் செய்கிறது. 2015 இல் ரொறன்ரோவின் சன்னிபுறூக் வைத்தியசாலையில், மூளைக் கட்டியுள்ள ஒருவரின் குருதியில் நுண்குமிழிகளைச் செலுத்தி, அவற்றை மண்டையோட்டின் வெளியிலிருந்து குவித்த ஒலியால் அதிரவைத்தனர். மருந்தை மூளைக்குட் புகவிடாத குருதி - மூளைத் தடை, கத்தியின்றித் தற்காலிகமாகத் திறந்தது.

2017 இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஒரு கருவி, கைத்தொலைபேசியோடு இணைக்கக்கூடியது. கதிர்வீச்சு இல்லை, பெரிய அறையும் தேவையில்லை. ஊர் வைத்தியசாலைகளுக்கு இவற்றை வாங்கி அனுப்பலாமே என்று புலம்பெயர்ந்த நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் கழியொலிப் படம், கருவியைப் பிடிக்கும் கையின் கோணத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. பழகாத கை நோயைத் தவறவிடும். இல்லாத நோயையும் காட்டும். எனவே நன்கொடை திரட்டுவோர் முதலிற் கேட்கவேண்டியது கருவியின் விலையை அல்ல: அங்கே அதை இயக்கப்போவது யார், அவருக்குப் பயிற்சி அளிப்பது யார், பழுதானால் திருத்துவது யார்? இவற்றுக்கு விடையின்றி அனுப்பப்படும் பெட்டி, அலுமாரிக்குள்தான் போய்ச்சேரும்.