உடம்போடு பகை

சூடான பாத்திரத்தில் விரல் பட்டால் யாரும் சொல்லித்தராமலே அதை ஊதுகிறோம். முழங்கை கதவில் இடித்தால் அடுத்த கை தானாகப் போய்த் தடவுகிறது. இந்த உடம்பு என்னுடையது, இதற்கு வலிக்கக் கூடாது என்று யோசிக்காமலே வரும் அக்கறை இது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளாமல் மனிதரைக் காப்பவற்றில் இதுவும் ஒன்று.

அந்த அக்கறை தேய்ந்துபோனால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் மூலன்கேம்ப், ஏமி பிராஷ் இருவரும் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்தது இதைத்தான். 2012இல் வெளியான அவர்களது ஆய்வு, மனத்துயரத்துக்கும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் நடுவில் ஒரு கண்ணி இருப்பதாகச் சொன்னது: தன் உடம்பைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் எண்ணம். துயரம் எல்லோருக்கும் வரும். உடம்பை ஏற்கெனவே வெறுத்துக்கொண்டிருப்பவருக்கு, அந்தத் துயரத்தைக் கொட்டித் தீர்க்கும் இடமாக அதே உடம்பு ஆகிவிடக்கூடும். வெறுக்கிற ஒன்றைப் பாதுகாக்க யாருக்குத் தோன்றும்?

அதற்காக, மூக்கு பிடிக்கவில்லை, தொப்பை பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களையெல்லாம் ஆபத்தில் இருப்பவர்களாக நினைக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் கண்ணாடி வைத்திருக்கும் யாருமே தப்ப முடியாது. ‘என் மூக்கு கொஞ்சம் பெரிசு’ என்பது ஒரு குறை. ‘இந்த முகத்தோடு எப்படி வெளியே போவேன்’ என்பது வேறு. அது முற்றிய நிலைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: உடல் உருவக் குறைபாட்டுக் கோளாறு. இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே இதை விவரித்துவிட்டார். 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு இது இருக்கிறது. மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை இவர்கள் மணிக்கணக்கில் கண்ணாடியில் தேடுவார்கள். மனநல மருத்துவரிடம் போகாமல் தோல் மருத்துவரிடமும் அழகு அறுவைச் சிகிச்சை நிபுணரிடமும் அலைவார்கள். தற்கொலை எண்ணம் இவர்களிடம் மிக அதிகம். ஆண்களும் இதில் உண்டு. ஜிம்மில் எவ்வளவு உடம்பு ஏற்றினாலும் ‘இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறேன்’ என்று தவிப்பவர்கள்.

நோய் என்ற அளவுக்குப் போகாதவர்களிடமும் இந்தத் தொடர்பு தெரிகிறது. பிரிட்டனின் மென்டல் ஹெல்த் ஃபவுண்டேஷன் 2019இல் வெளியிட்ட கருத்தாய்வில், உடல்தோற்றக் கவலையால் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றவர்கள் 13 சதவீதம். எட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் வயது வந்தவர்கள். தோற்றம் மட்டுமே ஒருவரை அந்த எல்லைக்குத் தள்ளிவிடுவதில்லை. மனச்சோர்வு, பள்ளிக் கேலி, சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறை ஆகியவை பெரும்பாலும் உடன் நிற்கும். தனக்கு நேர்ந்த கொடுமையின் அவமானத்தை உடம்பின் மேல் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. ‘எனக்கு என் உடம்பையே பிடிக்கல’ என்று ஒரு பெண் சொன்னால், அது எடையைப் பற்றிய பேச்சுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பழியைக் கைப்பேசியின் மேல் போடுவது நமக்குச் சௌகரியம். அதிலும் உண்மை இருக்கிறது. 2021இல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் சொந்த ஆய்வில், உடம்பைப் பற்றித் தாழ்வாக உணர்ந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், அந்த உணர்வை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’, ‘கருவாயா’ என்று கூப்பிட நாம் கற்றது இன்ஸ்டாகிராமிலா? ‘என்னடி இப்படிக் கறுத்துட்ட’ என்பதை நலம் விசாரிப்பாகவே வைத்திருக்கிறோம். கேட்டால், அக்கறையில் சொன்னோம் என்போம்.

சாப்பாட்டைத் தவிர்ப்பது, போட்டோவிலிருந்து நழுவுவது, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. கண்ணில் பட்டால் தனியாக உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: ‘உன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுதாம்மா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு ஆறுதல். பதில் ‘ஆமாம்’ என்றால் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். ‘நீ அழகாத்தான இருக்க’ என்ற சமாதானமும் வேண்டாம். பேச்சை அது மறுபடி தோற்றத்துக்கே இழுத்துவரும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையும் மனச்சோர்வு மாத்திரைகளும் பலருக்குக் குணம் தருகின்றன. ஆனால் மாத்திரையை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கே உங்களைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவிலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104லும் கூப்பிடலாம்.