தொடுதிரையில் மலரும் பூக்கள்

பூவை வரையப் புகுவார்க்கு முதற்பகை காலமே எனலாம். காலையில் விரிந்த இதழ் நண்பகலில் தளர்கிறது, மாலையில் உதிர்கிறது. வண்ணம் குழைத்து, தூரிகை கழுவி, முதற்பூச்சு உலரும்வரை ஓவியன் காத்திருக்கிறான். அதற்குள் அவன் எதிரே உள்ள பூ வேறொரு பூவாகிவிடுகிறது. இத்தடையைத் தொடுதிரைக் கணினி எவ்வாறு குறைத்தது என்பதையும், அதன்பின் ஓவியனுக்கு எஞ்சி நிற்கும் உழைப்பு யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கருவியின் இயல்பு

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவைக் கொண்டு கணினித் திரையின்மீதே கோடு வரைய அது வழிசெய்தது. அவ்வழியில் வந்தவையே இன்றைய டேப்லெட் கணினிகள். அவற்றுள் ஒன்றான ஐபேட் 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

இதன் கண்ணாடிக்கு அடியில், மின்கடத்தும் மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. நம் உடலும் மின்கடத்தும் தன்மையுடையது. ஆதலின் விரல் படும் இடத்தில் மின்னேற்றம் சிறிது மாறுபடுகிறது. அம்மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் கணித்து, கணினி அங்கே வண்ணத்தை இடுகிறது. இதற்கெனச் செய்யப்பட்ட பேனாக்கள் கையின் அழுத்தத்தையும் உணரவல்லவை. மெல்ல வைத்தால் காம்பின் மயிரிழை, அழுத்தி வைத்தால் இலையின் தடித்த நரம்பு என ஒரே பேனா இரண்டையும் தருகிறது.

வண்ணத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தாளில் சாயங்களைக் கலக்கக் கலக்க நிறம் இருள்கிறது. திரையிலோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளிகள் கூடக்கூட நிறம் வெண்மையை நோக்கிச் செல்கிறது. வெயிலுக்கு எதிரே பிடித்த இதழ்போல் திரைப்பூ சுடர்வதற்கு இதுவே காரணம். எனினும் அதனைத் தாளில் அச்சிடும்போது அச்சுடர் குன்றிவிடுகிறது.

ஓர் ஓவியரின் சான்று

இக்கருவியால் பூக்களை வரைந்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் டேவிட் ஹாக்னி. 1937இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த அவர், எழுபது வயதைக் கடந்த பின்னரே ஐபோனில் வரையத் தொடங்கினார். விடியற்காலையில் சன்னலோரத்துப் பூக்களைப் பெருவிரலால் தீட்டி, அன்றே நண்பர்களுக்கு அனுப்பிவைப்பது அவர் வழக்கமாயிற்று. திரை தானே ஒளிர்வதால், விளக்கின்றி அரையிருளிலும் வரைய முடிந்தது. 2010இல் பாரிசு நகரில் 'புதுமலர்கள்' என்னும் பொருளுடைய தலைப்பில் அவரது கண்காட்சி நிகழ்ந்தது. அங்குப் படங்கள் ஐபோன், ஐபேட் திரைகளிலேயே காட்டப்பட்டன.

2018இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் திறக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரத்தையும் அவர் ஐபேட்டிலேயே வடிவமைத்தார். யார்க்ஷயர் நாட்டுப்புறத்து ஹாதார்ன் மலர்களே அதன் பொருள். திரை, சாளரம் ஆகிய இரண்டும் பின்னிருந்து ஒளி பெறுவன என்பது கருதத்தக்கது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், பிரான்சின் நார்மண்டியில் தங்கி, இளவேனிலின் வரவை 116 படங்களாக வரைந்தார். உலகம் வீட்டினுள் முடங்கிக் கிடந்த அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், இளவேனிலை எவராலும் தடைசெய்ய இயலாது என்னும் கருத்தமைந்த தலைப்புடன் அவர் வெளியிட்ட டாஃபடில் மலர்ப்படம் பலருக்கும் ஆறுதலாயிற்று.

எஞ்சும் உழைப்பு

இனி, கருவியின் எளிமையே தடையாவதும் உண்டு. பிழைபட்ட கோட்டை ஒரு தொடுதலில் நீக்கலாம்; அதனால் கோடிடுமுன் நோக்கும் பொறுமை குறையக்கூடும். ஓரிதழைப் பன்மடங்கு பெரிதாக்கித் தீட்டலாம். ஆனால் அப்போது காம்பின் வளைவும் பூவின் நிலையும் கண்ணை விட்டு அகல்கின்றன. பாதிப் பூவை வரைந்தால் மறுபாதியைத் தானே நிரப்பும் வசதியும் உண்டு. செடியில் மலர்ந்த பூவிலோ ஓரிதழ் மடிந்திருக்கும். மற்றொன்றைப் பூச்சி அரித்திருக்கும். அவ்வசதி தருவது கோலம்; கண்முன் நிற்கும் அந்தப் பூவை அது தராது.

வரைந்த கோடுகளை வரிசையாக மீண்டும் ஓட்டிக்காட்டும் வசதியையும் இத்தகைய நிரல்கள் கொண்டுள்ளன. பல மணி நேரத்து ஓவியம் சில நிமிடங்களில் மலர்வதைக் காணும் மாணவர், இஃது இத்துணை எளிதோ என்று மயங்கக்கூடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஓவியர் கையை நிறுத்திப் பூவை நோக்கியிருந்த பொழுது அப்பதிவில் இல்லை. ஓவியம் உருவானது பெரும்பாலும் அப்பொழுதில்தான்.

வண்ணம் குழைக்கும் நேரத்தையும் உலரும் நேரத்தையும் கருவி மிச்சமாக்கித் தந்துள்ளது. அந்நேரத்தைப் பூவை நோக்குவதற்கே செலவிடுவோமாயின் கருவியால் கலை வளரும். விரைந்து முடிப்பதற்குச் செலவிட்டால், தாளிலாயினும் திரையிலாயினும் பூ நமக்கு வசப்படாது என்பது நம் துணிபு.