‘சிறு மேகம்’ முதல் 20 கோடி நட்சத்திரங்கள் வரை: விண்வெளித் தொலைநோக்கிகள் நமக்குக் காட்டுவது என்ன?

ரமழான் பிறைக்காகவும் பெருநாள் பிறைக்காகவும் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. பிறை தென்பட்டதும் கீழே இறங்கிவிடுகிறோம். அந்தப் பிறைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் வானத்தையும் நுணுக்கமாகப் பார்த்துப் பதிவு செய்த முன்னோர்கள் நமக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி.

பாரசீகத்தின் இஸ்ஃபஹானில் வானத்தை ஆராய்ந்த இவர், கி.பி. 964இல் ‘நிலையான நட்சத்திரங்களின் வடிவங்கள்’ என்ற பொருள்படும் அரபு நூலை எழுதினார். கிரேக்க அறிஞர் தாலமியின் பழைய நட்சத்திரப் பட்டியல் அவர் கையில் இருந்தது. அதை அப்படியே படியெடுத்துக் கொடுத்துவிடாமல், நட்சத்திரங்களைத் தாமே பார்த்து, அவற்றின் பிரகாச அளவுகளைத் திருத்தினார். அரபுகள் பெரிய மீனாகக் கண்ட நட்சத்திரக் கூட்டத்தின் வாயருகே ‘சிறு மேகம்’ போன்ற ஒன்று இருப்பதையும் குறித்து வைத்தார். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் பற்றி இன்று கிடைத்திருக்கும் பதிவுகளில் இதுவே மிகப் பழையது எனக் கருதப்படுகிறது.

அந்த மேகம் உண்மையில் என்ன என்பது தெரியவர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 1923இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள், அதற்குள் சீரான கால இடைவெளியில் மங்கிப் பிரகாசிக்கும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அத்தகைய நட்சத்திரங்களைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் வழியை ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண் வானியலாளர் ஏற்கனவே கண்டறிந்திருந்தார். கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த மேகம் நமது பால்வெளி மண்டலத்திற்கு வெளியே இருக்கும் தனியொரு மண்டலம் என்பது உறுதியானது. இன்றைய அளவீட்டின்படி அது 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் சுமார் 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். ஆக, இன்றிரவு நம் கண்ணை வந்தடையும் ஆண்ட்ரோமெடாவின் ஒளி 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது.

தொலைநோக்கியை ஏன் மேலே அனுப்ப வேண்டும்?

நட்சத்திரங்கள் மின்னுவது நமக்கு அழகாக இருக்கிறது. வானியலாளருக்கோ அதுதான் தொல்லை. அலைபாயும் காற்று ஒளியைக் கலைத்துவிடுவதால், தரையிலிருந்து எடுக்கும் படம் மங்குகிறது.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, ஒளிக் குடும்பத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. எக்ஸ் கதிர்கள் முழுவதையும், புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும், அகச்சிவப்புக் கதிர்களில் கணிசமான பகுதியையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அந்தத் தடுப்பு இருப்பதால்தான் பூமியில் உயிர்கள் வாழ முடிகிறது. நம்மைக் காக்கும் அதே திரை வானத்தின் பெரும்பகுதியை நம்மிடமிருந்து மறைக்கவும் செய்கிறது. எனவே, திரைக்கு வெளியே ஒரு தொலைநோக்கியை வைக்கலாம் என லைமன் ஸ்பிட்சர் என்ற விஞ்ஞானி 1946இலேயே யோசனை கூறினார். செயற்கைக்கோள் எதுவும் பறக்காத காலம் அது.

ஒரே மண்டலம், பல கண்கள்

1990 ஏப்ரல் 24 அன்று ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி 2.4 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்டது. சுமார் 95 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகிறது. ஆரம்பத்தில் அதன் படங்கள் மங்கலாக வந்தன. கண்ணாடியின் ஓரம், தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்ததே காரணம். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று அதைச் சரிசெய்தார்கள்.

அஸ்ஸூஃபி கண்ட அதே ‘சிறு மேகத்தை’ ஹபிள் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தது. 600க்கும் மேற்பட்ட பகுதிகளை இணைத்து உருவாக்கிய படம் 2025 ஜனவரியில் வெளியானது. அதில் 20 கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடிகிறது. ஆண்ட்ரோமெடாவில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடி நட்சத்திரங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஹபிள் எண்ணியது அவற்றில் பிரகாசமானவற்றை மட்டுமே.

1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிர்களைப் பார்க்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. கருந்துளை ஒளியை வெளிவிடாது. ஆனால், அருகிலிருக்கும் நட்சத்திரத்திலிருந்து அது இழுக்கும் வாயு கடுமையாகச் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. இந்த அடையாளத்தை வைத்து, கருந்துளையாக இருக்கக்கூடிய 35 பொருட்களை 2013 வரை ஆண்ட்ரோமெடாவில் சந்திரா அடையாளம் காட்டியது.

அகச்சிவப்பைப் பார்த்த ஸ்பிட்சர் தொலைநோக்கிக்கு அதே மண்டலம் தூசி வளையங்களாகத் தெரிந்தது. புதிய நட்சத்திரங்கள் பிறப்பது அத்தகைய தூசிக்குள்தான். இந்தியா 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அஸ்ட்ரோசாட், புற ஊதாக் கதிரில் அங்குள்ள இளம், சூடான நட்சத்திரங்களைப் படம் பிடித்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு செய்தி கிடைத்தது. ஒரே கண்ணை நம்பியிருந்தால் மற்றவை தெரியாமலே போயிருக்கும்.

முடிவைத் திருத்திக்கொள்ளும் துணிவு

ஆண்ட்ரோமெடா நம் பால்வெளியை நெருங்கி வருகிறது. சுமார் 400 கோடி ஆண்டுகளில் இரண்டும் மோதும் என்று 2012இல் ஹபிள் தரவுகளைக் கொண்டு விஞ்ஞானிகள் உறுதியாகக் கூறினார்கள். பாடப்புத்தகங்கள் வரை அந்தச் செய்தி சென்றது. பின்னர் கையா விண்கலத்தின் அளவீடுகளும் சேர்ந்தன. அருகிலுள்ள சிறிய மண்டலங்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் என்று 2025இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இதை அறிவியலின் தோல்வியாக நாம் கருத வேண்டியதில்லை. தாலமியின் அளவுகளை அஸ்ஸூஃபி திருத்தியதும் இதே வழிமுறைதான்.

நம் கைப்பேசிக்கு வரும் படங்கள்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ரோஜா மலரைப் போலத் தோன்றும் ஒரு விண்வெளிப் படம், வேத வசனத்தோடு இணைக்கப்பட்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. அது ‘பூனைக் கண்’ நெபுலா. இறக்கும் தறுவாயிலுள்ள ஒரு நட்சத்திரம் உதறிய வாயு. 1995இல் ஹபிள் குழு வெளியிட்ட அந்தப் படத்தில் ஹைட்ரஜனுக்குச் சிவப்பும், ஆக்சிஜனுக்கு நீலமும், நைட்ரஜனுக்குப் பச்சையும் கணினியில் ஒதுக்கப்பட்டன. உண்மையில் படம் பிடிக்கப்பட்ட அந்த மூன்று ஒளிகளுமே நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியக்கூடியவை. ஹபிளின் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுக்கிறது. எந்த வாயு எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டவே நிறம் தீட்டப்படுகிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிறங்களின் விவரத்தை விஞ்ஞானிகள் வெளிப்படையாகவே தருகிறார்கள். பகிரும்போது அந்த விவரத்தை வெட்டிவிடுவது நாம்தான். இறைவேதத்தின் உண்மைக்குக் கணினி தீட்டிய ஒரு நிறத்தின் துணை தேவையில்லை. நாளை நம் பிள்ளைகள் வகுப்பறையில் இந்த உண்மையைத் தெரிந்துகொள்ளும்போது, வீட்டில் பெரியவர்கள் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்க நாமே வழிவகுத்துவிடக் கூடாது. கேள்விப்பட்டதை விசாரிக்காமல் பரப்புவதை மார்க்கமும் கண்டிக்கிறது.

எனவே, ஒரு படம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். எடுத்தது எந்தத் தொலைநோக்கி? எந்த ஒளியில் எடுக்கப்பட்டது, நிறங்கள் எதைக் குறிக்கின்றன? இது உண்மைப் படமா, ஓவியரோ கணினியோ வரைந்த கற்பனையா? ஹபிள், வெப் தொலைநோக்கிகளின் அதிகாரபூர்வ இணையதளங்களில் இவற்றுக்கு விடை கிடைக்கும். ஹபிள், சந்திரா, அஸ்ட்ரோசாட் தரவுகள் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் இலவசமாகத் திறந்துவிடப்படுகின்றன. ஆர்வமுள்ள நம் மகனோ மகளோ கணினியும் இணையமும் இருந்தால் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்க்கலாம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில், நிலவில்லாத முன்னிரவில், ஊரின் விளக்கொளிக்கு அப்பால் வடக்கு வானத்தில் அந்தச் ‘சிறு மேகத்தை’ வெறும் கண்ணாலேயே காணலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். அஸ்ஸூஃபியின் பெயரையும் சொல்லிக் கொடுப்போம். கையில் இருந்த நூலை மதித்தார், ஆனாலும் வானத்தைத் தாமே பார்த்துச் சரிபார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.