பெயரில்லாத டப்பாவும் கரப்பான் தோலும்

ஊவாத் தேயிலையின் மணத்துக்குக் காரணம், ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு வீசும் கச்சான் காற்று. கொழுந்துக்கு உகந்த அந்தக் காற்று, கரப்பான் உள்ள தோலுக்கு ஆகாது. முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வெடிக்கும். பிள்ளை இரவெல்லாம் சொறியும். பதுளை கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். கடையிலோ, "ஸ்டீரொயிட் இல்லை, வெறும் மூலிகை" என்ற உறுதியோடு ஒரு டப்பா கைக்கு வரும். பூசினால் இரண்டே நாளில் சிவப்பு மறையும். சந்தேகப்பட வேண்டியது அந்த வேகத்தைத்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், கரப்பானுக்குப் பூசிய 24 'மூலிகை' கிரீம்களை மருத்துவர்கள் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 20இல் ஸ்டீரொயிட் இருந்தது. பலவற்றில் இருந்தது குளோபெட்டாசோல், பூசும் ஸ்டீரொயிட்டுகளிலேயே மிக வீரியமானது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரி விழும். கைக்குழந்தையின் உடலுக்குள் இறங்கினால் வளர்ச்சியையே பாதிக்கும்.

ஆனாலும் வைத்தியர் அளவும் நாளும் சொல்லித் தரும் ஸ்டீரொயிட் பகையல்ல. அதற்கு அளவுக்கு மீறிப் பயந்துதான் பல தாய்மார் இந்த டப்பாவிடம் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்டீரொயிட் கலவாத உண்மையான மருந்துகளும் உண்டு. டக்ரோலிமஸ் களிம்பு, 2 முதல் 15 வயது வரை 0.03 வீதம், 16 வயது முதல் 0.1 வீதம். முகம், கண்ணிமை, கழுத்து போன்ற மெல்லிய தோலுக்குப் பொருத்தமானது. முதல் சில நாள் எரியும். அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 2006இல் அமெரிக்காவில் இதன் உறையில் புற்றுநோய் எச்சரிக்கை அச்சானது. பிறகு ஏறத்தாழ 8,000 பிள்ளைகளைப் பத்தாண்டு வரை கவனித்த ஆய்வில் அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிரிசபோரோல் இன்னொன்று. இரண்டும் வைத்தியரின் சீட்டோடு வாங்க வேண்டியவை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரப்பதம். குளித்த கையோடு, தோல் காயுமுன் வெள்ளை பரஃபின் களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். பரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும்; விறகடுப்புள்ள லயத்துக் காம்பராவில் இதை மறக்கக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் இரவில் சொறிச்சல், விரலிடுக்கில் பொரி என்றால் அது கரப்பானல்ல, சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. குடும்பம் முழுதும் ஒரே நாளில் பூசினால்தான் தீரும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியாத மருந்தை விற்பது குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். உள்ளடக்கம், தயாரிப்பாளர் பெயர், காலாவதித் திகதி இல்லாத டப்பாவை வாங்கியிருந்தால், பற்றுச்சீட்டோடு 3 மாதத்துக்குள் நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தமிழிலேயே எழுதலாம். தொலைபேசி 1977. அரச ஆஸ்பத்திரியில் பார்க்கக் கட்டணமில்லை. பதுளைக்குப் போகுமுன் தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரச ஆஸ்பத்திரியிலோ காட்டிக் கடிதம் வாங்கிப் போனால் அலைச்சல் குறையும். காய்ச்சலோடு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இதை வாசித்துவிட்டு டப்பாவை வீசிவிட வேண்டாம். நெடுநாள் பூசிய ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்தினால் தோல் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரியும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார்.