தரையில் நின்றபடியே நொறுங்கும் ஹெலிகாப்டர்

ஆற்றில் தண்ணீர் குறைந்த நாட்களில் வயலில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பதைத் தஞ்சைப் பகுதியில் பார்த்திருப்பீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வயலிலும் அப்படி ஒன்று இருந்தது. முழு வேகத்தில் அது சீராக ஓடும். நிறுத்தும்போதுதான் வேடிக்கை! வேகம் குறைந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்தை அடைந்ததும், எஞ்சின் தன் மரச்சட்டத்தோடு சேர்ந்து கிடுகிடுவென்று குதிக்கும். சில விநாடிகளில் அடங்கிவிடும்.

அதிக வேகத்தில் ஆடாத எஞ்சின், வேகம் குறையும்போது ஏன் ஆடவேண்டும்? எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் உந்தல் அதே அதிர்வெண்ணில் அமைந்தால் ஆட்டம் பெருகுகிறது. இதுவே ஒத்ததிர்வு. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளினால் சிறு விசையே அதை உயரே கொண்டுபோகிறது அல்லவா?

எஞ்சின் குதிப்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஹெலிகாப்டர் ஒன்று, பறக்கத் தொடங்கும் முன்பே, தரையில் நின்றபடி சில விநாடிகளில் குலுங்கி நொறுங்கிவிடக்கூடும். பொறியாளர்கள் இதைத் ‘தரை ஒத்ததிர்வு’ என்கிறார்கள்.

கீல் வந்த கதை

ஹெலிகாப்டருக்கு முன்னோடி, ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வா 1923இல் பறக்கவிட்ட ஆட்டோஜைரோ. அதன் இறகுகள் மேலும் கீழும் அசைவதற்குக் கீல்கள் இருந்தன. ஆனால் மேலே எழும் இறகின் நிறை அச்சை நோக்கி நெருங்குகிறது. கையை மடக்கிக்கொண்ட நடனக்காரி வேகமாகச் சுழல்வது போல, அந்த இறகு முன்னோக்கி ஓடப் பார்க்கும், தாழும்போது பின்தங்கும். இந்த இழுபறி இறகின் அடிப்பகுதியை வளைத்து வளைத்துக் களைப்படையச் செய்தது. 1927இல் ஓர் இறகு முறிந்து விபத்து நேர்ந்தபின், முன்னும் பின்னும் அசைய இன்னொரு கீலையும் சியர்வா சேர்த்தார். முறிவு நின்றது. ஆனால் அந்த மருந்தே வேறொரு நோயைக் கொண்டுவந்தது.

மின்விசிறியைப் பாருங்கள்

வீட்டு மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் 120 பாகை இடைவெளியில் இருந்தால், அவற்றின் நிறை மையம் அச்சிலேயே இருக்கும். ஓர் இறக்கை சற்று விலகினாலும் நிறை மையம் அச்சை விட்டு நகர்ந்து, விசிறி தள்ளாடும். அந்தத் தள்ளாட்டமே இறக்கைகளை மேலும் விலகச் செய்வதாகக் கற்பனை செய்யுங்கள். விலகல் தள்ளாட்டத்தை வளர்க்கும். தள்ளாட்டம் விலகலை வளர்க்கும். கீல் வைத்த ஹெலிகாப்டரில் நடப்பது இதுதான்.

எந்த வேகத்தில் இது நேரும்? பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் 1960களிலிருந்து கட்டிய சேதக் ஹெலிகாப்டரைப் போல, கீல் வைத்த மூன்று இறகுகளும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்றும் கொண்ட ஒரு சுழலியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க 360 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது விநாடிக்கு 6 சுற்று. இறகுகள் தம் கீலில் விநாடிக்கு 2 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன என்போம்.

திருவிழாக் குடைராட்டினத்தில், அது 6 சுற்றுச் சுற்றும் நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் 2 சுற்று நடந்தால், வெளியே நிற்பவர் கண்ணுக்கு 4 சுற்றுத்தான் சுற்றியிருப்பீர்கள். அவ்வாறே, விலகிய நிறை மையம் உடற்பகுதியை விநாடிக்கு 6 − 2 = 4 முறை பக்கவாட்டில் இழுக்கிறது. சக்கரங்களின் மீதும் கால்களின் மீதும் நிற்கும் உடற்பகுதியும் ஓர் ஊசலே. அதன் இயல் அதிர்வெண்ணும் விநாடிக்கு 4 என்றால் ஆபத்து. அது 3 ஆக இருந்தாலோ, சுழலி வேகம் கூடிவரும் வழியிலேயே, 4.5 − 1.5 = 3 என்று பொருத்தம் நேர்ந்துவிடும்!

வேண்டிய ஆற்றல் சுழலியிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சினை நிறுத்தினாலும் சுழலியில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல் உடனே மறைந்துவிடாது. ஆயில் எஞ்சினுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: இங்கு உந்துவிசை நிலையானதன்று, ஆட்டம் கூடக்கூட அதுவும் கூடுகிறது. 1940களில் அமெரிக்காவின் நாகா ஆய்வுக்கூடத்தில் கோல்மன், ஃபைன்கோல்ட் என்ற இருவர் இதன் கணிதத்தை வகுத்தார்கள்.

தடுப்பது எப்படி?

பறக்கும் வேகத்தைச் சுழலி எட்டியிருந்தால் விமானி உடனே ஹெலிகாப்டரை மேலே எழுப்புவார். தரை விலகியதும் கால்களின் மீது ஆடும் ஊசல் இல்லாமற்போகிறது! வேகம் போதாதபோது எஞ்சினை அடக்கிச் சுழலியை நிறுத்தவேண்டும். முடிவெடுக்க இரண்டொரு விநாடிகளே உண்டு.

வருமுன் காப்பது தணிப்பான்களின் வேலை. எண்ணெய் நிறைந்த சிறு உருளை ஒன்று ஒவ்வோர் இறகின் ஊசலையும் தணிக்கிறது. கால்களிலும் அதிர்வுத் தாங்கிகள் உண்டு. இவ்விரு தணிப்புகளும் கூட்டலாக அல்ல, பெருக்கலாகப் பயன் தருகின்றன. ஒன்று பூஜ்யமானால் மற்றொன்று எவ்வளவு பெரிதாயினும் விடை பூஜ்யமே. எண்ணெய் கசிந்த ஒரு தணிப்பான், காற்றுக் குறைந்த ஒரு டயர் ஆகியவற்றைப் பணியாளர்கள் அற்பமாக எண்ணாததன் காரணம் இதுதான். நிற்கும் இடமும் இந்த ஊசலின் ஒரு பகுதியே. கான்கிரீட் தளத்தில் ஒரு அதிர்வெண் என்றால், மழையில் ஊறிய நம் வயற்காட்டுக் களிமண்ணில் வேறொன்று. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் நின்றாலும் அது மாறும்.

புயல் வெள்ளக் காலத்திலோ, தலைவர்கள் வரும்போதோ ஊர்த் திடலில் ஹெலிகாப்டர் இறங்கினால் நாம் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்கிறோம். 11 மீட்டர் விட்டமுள்ள சேதக் சுழலியின் நுனி வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். குலுக்கலில் இறகு முறிந்தால் துண்டுகள் அந்த வேகத்திலேயே பறக்கும். ஒத்ததிர்வு இல்லாமலும் ஆபத்து உண்டு. 2023 ஏப்ரல் 23 அன்று கேதார்நாத் இறங்குதளத்தில், ஹெலிகாப்டரின் வால் சுழலி தாக்கி ஓர் அரசு அதிகாரி உயிரிழந்தார். எனவே ஹெலிகாப்டர் புறப்படும்போது கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள். தரையை விட்டு அது எழும் வரையிலும், இறங்கியபின் சுழலி முழுவதும் நிற்கும் வரையிலும், உங்கள் தம்பி தங்கையரின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.