சடை நாயும் சடை விழுந்த நாயும்

எங்கள் ஆறுமுகநேரிப் பக்கம் முடி நீளமாக இருக்கிற எந்த நாய்க்கும் ஒரே பெயர்தான்: சடை நாய். பொமேரியன், ஸ்பிட்ஸ், லாசா ஆப்சோ, ஷிட்சு என்கிற பிரிவினையெல்லாம் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் மட்டும். தெருவுக்கு அது சடை நாய். சடை என்றால் அடர்ந்த முடி என்றும் அர்த்தம், பின்னிப்போய்ப் பிரிக்க முடியாமல் கிடக்கிற முடி என்றும் அர்த்தம். முதல் சடை இரண்டாவது சடையாக மாற எத்தனை நாள் ஆகும் என்பதை நான் பெரியம்மா வீட்டு ஜூலியிடம் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஜூலி வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊரில் 'பொமேரியன்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ்தான். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வழி. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் வருகிற டஃபி இந்த வகைதான். 90-களில் வீட்டுக்கு வீடு இது இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் பதிவானது. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட அது அதிகம். பெரியம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. அரிசி மூட்டை, பத்திரங்கள், ஜூலி மூன்றையும் மாடிக்கு ஏற்றினோம். மூன்று நாள் அது நனைந்துகொண்டேதான் கிடந்தது. தண்ணி வடிந்த பிறகு ஒரு மாதம் சேறு வாருவதிலும் கட்டில் பீரோவைக் காயவைப்பதிலும் போனது. நாய்க்கு யார் தலை வாருவார்கள்?

பொங்கல் கழிந்து பார்த்தால் முதுகெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. "ஏய்யா, நீதான் படிச்சவனாச்சே, அத ஒருநாள் நல்லா குளிப்பாட்டி விடேன்" என்றாள் பெரியம்மா. நானும் நம் தலைக்குப் போடுகிற ஷாம்புவைப் போட்டுத் தேய் தேயென்று தேய்த்துக் குளிப்பாட்டினேன். இரண்டாம் நாள் அந்தக் கட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, முதுகில் கம்பளிச் சட்டை தைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

முடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேலே ஓடு வேய்ந்த மாதிரிச் செதில்கள் இருக்கும். எல்லாச் செதிலும் வேரிலிருந்து நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கும். வேர்ப்பக்கமிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் பிடிக்கும். உங்கள் தலைமுடி ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள், தெரியும். இப்போது நூறு முடிகள் பல திசையில் கிடக்கின்றன, ஈரமாக இருக்கின்றன, நீங்கள் தேய்க்கிறீர்கள். ஒவ்வொரு முடியும் ஒரே திசையில்தான் நகர முடியும், திரும்பி வர முடியாது. ஆகவே உள்ளே உள்ளே போய் இறுகிக்கொண்டே இருக்கும். காஷ்மீரில் நம்தா விரிப்பு செய்கிறவர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள்: ஆட்டு முடியைப் பரப்பி, தண்ணியும் சோப்பும் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டுவார்கள். நெசவே கிடையாது. நான் பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் செய்தது நம்தா. மனிதத் தலையிலும் இது நடக்கும். தலைக்குக் குளித்து முடித்த கையோடு கூந்தல் முழுக்க ஒரே கட்டியாகிப்போன சம்பவங்கள் தோல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நாய்க்கு இன்னொரு சங்கதியும் உண்டு. நமக்குப் பெரும்பாலும் ஒரு துளைக்கு ஒரு முடி. நாய்க்கு ஒரே துளையிலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றி மெல்லிய பஞ்சு முடிகள் பலவும் வரும். ஸ்பிட்ஸ் மாதிரி நாய்களுக்கு இந்த உள்முடி ரொம்ப அடர்த்தி. அது உதிரும்போது கீழே விழாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சடையைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி செத்த முடிதான்.

நீள முடியே ஒரு வகையில் ஒரு பழுதுதான். முடி இவ்வளவு வளர்ந்தது போதும் என்று சொல்கிற எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணு கெட்டுப்போனால் முடி நீளும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் குட்டி சடையாகும். 2009-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பான்மையை மூன்றே மூன்று மரபணுக்களை வைத்து விளக்கியது. அதில் இது ஒன்று. நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாம் குட்டை முடி. உடங்காட்டுக்குள் முயல் விரட்டுகிற நாய்க்குச் சடை எதற்கு? அப்படியே இருந்தாலும் நாயுருவிச் செடி விட்டுவைக்காது. துணியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த விதை ஒன்று முடிக்குள் போனால் போதும், அதைச் சுற்றியே ஒரு முடிச்சு உருவாகிவிடும்.

ஹங்கேரியில் பூலி, கொமொண்டோர் என்று இரண்டு நாய்கள் உண்டு. உடம்பு முழுக்கக் கயிறு கயிறாகச் சடை தொங்கும். அதைக் காட்டி "சடை இருந்தா என்ன, அதுவும் நாய்தானே" என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். ஆனால் அந்தக் கயிறுகள் தாமாக விட்டால் அப்படி நிற்காது. வளர்க்கிறவர்கள் அடிவேர் வரைக்கும் கையால் கிழித்துக் கிழித்துத் தனித்தனிக் கயிறாக வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டால் அதுவும் ஒரே பாளமாகிவிடும்.

பாளமானால் என்ன கெடுதல்? நாயின் தோல் நம் தோலை விட மெல்லிசு. மேல்தோல் மூன்றிலிருந்து ஐந்து அடுக்கு செல்தான், நமக்குப் பத்துக்கு மேல். சடை இறுக இறுக அந்தத் தோலை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. நாய் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அக்குளில், தொடையிடுக்கில் அந்த இழுப்பு இருக்கும். இறுகப் பின்னிய சடையோடு ஒரு நாள் தூங்கி எழுந்த பெண்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். காற்று போகாது. அடியில் ஈரம் தங்கும், கடற்கரை ஊரில் அது காயவே காயாது. உண்ணி குடும்பத்தோடு குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஈரப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வந்துவிடும்.

ஜூலிக்கு அதுதான் நடந்தது. பிப்ரவரியில் ஒரு வாடை. மீன் கழிவு எங்கேயாவது கிடக்கும் என்று வீட்டைச் சுற்றித் தேடினோம். வாடை நாயிடமிருந்து. வாலடியில் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தது, கிட்டப் போனால் உறுமியது. ஏழு வருஷத்தில் அது யாரையும் உறுமியதில்லை.

பெரியம்மா முடியை எடுக்கச் சம்மதிக்கவில்லை. "அதுக்கு அழகே அந்தச் சடைதானய்யா. மொட்டை போட்டா மறுபடி மொளைக்காதாம்லா. தேங்காண்ண போட்டு நானே சிக்கெடுத்துருதேன்." அந்தக் காலத்துச் சிணுக்கோலியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதில் முழுக்கத் தப்பில்லை, அதையும் சொல்லவேண்டும். சின்னச் சிக்குக்கு எண்ணெய் உதவும், உரசல் குறையும். ஆனால் நம்தா ஆகிப்போன முடிக்குள் எண்ணெய் இறங்காது. மேலே நின்று மண்ணைத்தான் பிடிக்கும். ஸ்பிட்ஸுக்கு ஒட்ட வெட்டினால் முடி மறுபடி வரச் சுணங்கும் என்பதும் உண்மை. ஆறு மாதம், ஒரு வருஷம், சிலதுக்கு அதற்கும் மேல். பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கிற நாய் இல்லை இது. இதன் முடி பெரும்பகுதி நேரம் ஓய்வில் இருக்கிறது. அதனால்தான் வெயிலுக்காக ஸ்பிட்ஸை மொட்டையடிக்காதீர்கள் என்கிறார்கள். ஆனால் சடை விழுந்துவிட்டால் அந்த நியாயம் பொருந்தாது.

எது பிரிக்கக்கூடிய சிக்கு, எது வெட்டவேண்டிய சடை? நான் இப்போது பார்க்கிற விதம் இது. முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பு நுழைகிறதா? நுழைந்தால் முயற்சி செய்யலாம். குளிப்பாட்டக் கூடாது, காய்ந்தபடியே செய்யவேண்டும். கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் மாவு தூவித் தேய்த்தால் முடி வழுக்கும். முடிச்சின் வேர்ப்பக்கத்தை இடது கை விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும், அப்போது இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், மீதி நாளைக்கு. சீப்பு நுழையவில்லை என்றால், அல்லது உடம்பில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால், பிரிக்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மணிக்கணக்காக அந்த உயிரை வதைத்து முடியைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறோம்.

கத்திரிக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். சடை தோலைக் கூடாரம் மாதிரி மேலே தூக்கி வைத்திருக்கும். நாம் முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கும். மாட்டாஸ்பத்திரிக்குத் தையல் போட வருகிற சடை நாய்களில் இந்தக் கதை சகஜம் என்று டாக்டர் சொன்னார்.

மெஷின்தான் வழி. நம் முகத்துக்கு வைத்திருக்கிற ட்ரிம்மர் இரண்டு நிமிஷத்தில் அடைத்துக்கொண்டு நின்றுவிடும், நான் அதையும் செய்து பார்த்தேன். நாய்க்கான கிளிப்பரில் 10-ம் நம்பர் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு எடுக்கும். பழகாதவருக்கு அதுதான் ஆபத்துக் குறைந்தது. பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, தோலை இழுத்துப் பிடித்து, சடைக்கு அடியில் ஓட்டவேண்டும். நடுவழியில் பிளேடு கொதிக்கும். அடிக்கடி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அக்குள், தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் தொங்குகிற தோல் மடிப்பு, முலைக்காம்பு, காது மடல் ஓரம், இவை நான்கும் வெட்டுப்படுகிற இடங்கள். புண் இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே வீட்டில் தொடவேண்டாம். டாக்டரிடம் மயக்க ஊசி போட்டு எடுப்பது நாய்க்கும் நமக்கும் நல்லது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வலி தாங்குவதற்கென்று நம் மாத்திரையைக் கொடுக்கிறவர்கள் உண்டு. பாரசிட்டமாலும் ஐப்யூபுரூஃபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். புழுவுக்கு மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றுவதும் அப்படித்தான். புழு சாகலாம், தோலும் கூடவே வெந்துபோகும்.

ஜூலியின் சடை ஒரே பாளமாக, நாயின் வடிவத்திலேயே கழன்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் தராசில் வைத்தேன்: 420 கிராம். உள்ளே 17-ம் தேதி வெள்ளத்தின் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. வாலடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண், புழுக்கள். இரண்டு தொடையிலும் ரத்தம் கட்டிய தடம். பெரியம்மா அதைப் பார்த்தபிறகு அழகைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இவ்வளவு நாளா இதோடயா எனக்கு வாலாட்டிக்கிட்டு இருந்த" என்று மட்டும் அதனிடம் கேட்டாள்.

வெட்டிய பிறகும் ஒரு வாரம் கவனம் தேவை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காதில் கனமாகத் தொங்கிய சடையை எடுத்தால் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும், அந்த உதறலில் காது மடலுக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடும். காதை ஒரு மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டி வைத்தோம். வெள்ளை நாயின் தோல் வெயிலில் வெந்துபோகும். உப்பளத்துப் பக்கம் அடிக்கிற வெயிலும் அதன் எதிரொளியும் தெரியும்தானே, பகலில் வெளியே விடவில்லை. இரண்டு நாள் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் எழுந்து முற்றத்தில் ஓடியது பாருங்கள், ரெண்டு வயசுக் குட்டி மாதிரி. வயசாகிவிட்டது, அதுதான் மெதுவாக நடக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

முதுகு முடி எட்டு மாதத்தில் வந்துவிட்டது. தொடையில் ஒரு வருஷம் தாண்டியது, வந்ததும் முன்பு மாதிரி இல்லை.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வாருகிறோம். முன்னாலும் பெரியம்மா வாராமல் இல்லை, மேலாக வாரினாள். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் முடிச்சு வளர்ந்துகொண்டிருக்கும். முடியை ஒரு கையால் மேலே ஒதுக்கி, தோல் தெரிகிற மாதிரி வகிடு எடுத்து, அந்த வகிட்டுக்குக் கீழே ஒரு வரி வாரி, அப்புறம் அடுத்த வகிடு எடுக்கவேண்டும். பேன் பார்க்கிற மாதிரிதான். முதலில் ஸ்லிக்கர் பிரஷ், பிறகு ஸ்டீல் சீப்பு. சீப்பு தோல் வரை தடையில்லாமல் ஓடினால்தான் கணக்கில் சேரும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடைப் பின்புறம், இந்த நான்கு இடத்தை முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குளிப்பதற்கு முன்னால் வாரியே ஆகவேண்டும், குளித்த பின் துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுக்கவேண்டும், ஃபேனுக்கு அடியில் முழுக்கக் காயவேண்டும். ஷாம்பு நாய்க்கென்று விற்பதுதான். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, அதனுடையது வேறு. மழைக்காலத்தில் பட்டையைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். "எடது காதுக்குப் பொறத்தால ஒண்ணு இருக்குய்யா, சின்னதா, பாரு" என்றாள் பெரியம்மா. நான் சீப்பை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஜூலி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டைக் காட்டி வெளியே வரவைக்கக் கால் மணி நேரம் ஆனது.