ரவுட்டருக்குள் ஓடும் கணக்கு: நெட்வொர்க்கிங் முதுநிலைப் படிப்பு கற்றுத்தருவது என்ன?

கணினி நெட்வொர்க்கிங்கில் முதுநிலைப் பட்டம் என்பது, ஒரு கணினியில் இருந்து புறப்படும் தகவல் இன்னொரு கணினியைச் சென்றடையும் வழியைக் கணக்காகவும் மென்பொருளாகவும் ஆராயும் படிப்பு. இந்தியாவில் பெரும்பாலும் கணினி அறிவியல் துறையிலோ தகவல் தொடர்புப் பொறியியல் துறையிலோ ஒரு சிறப்புப் பிரிவாக, எம்.இ. அல்லது எம்.டெக். என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு நடக்கிறது. பிரிட்டனில் இதே படிப்பை எம்.எஸ்ஸி. என்ற பெயரில் ஓராண்டில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இதைத் தனிப் பட்டமாகவே வைத்திருக்கின்றன. ராலே நகரில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையும் மின்னியல்-கணினிப் பொறியியல் துறையும் சேர்ந்து இந்தப் பட்டத்தை வழங்குகின்றன. இரண்டு துறைகள் கைகோக்கக் காரணம் உண்டு. கம்பியிலும் காற்றிலும் செல்லும் அலை மின்னியலின் பாடம்; அந்த அலை சுமந்துவரும் தகவல் எந்த விதிப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது கணினி அறிவியலின் பாடம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை முழுதாகப் படிக்க முடியாது.

நெட்வொர்க்கிங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிசிஎன்ஏ போன்ற சான்றிதழ் தேர்வுகள். அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரு நிறுவனத்தின் ரவுட்டரையும் சுவிட்சையும் பழுதில்லாமல் இயக்க அந்தப் பயிற்சி வேண்டும். அதே வகையில் உயர்நிலைத் தேர்வான சிசிஐஇ-யின் எட்டு மணி நேரச் செய்முறைப் பகுதியைத் தாண்டி வருபவர்கள் இத்துறையில் உண்மையான கைகாரர்கள். ஆனால் சான்றிதழ் கற்பிப்பது, இருக்கும் கருவிக்கு எந்தக் கட்டளையைக் கொடுப்பது என்பதை. முதுநிலைப் பட்டம் கற்பிக்க வேண்டியது, அந்தக் கருவி ஏன் அப்படி வடிவமைக்கப்பட்டது, வேறு எப்படி வடிவமைக்கலாம் என்பதை. இந்த 'ஏன்' இல்லாத பாடத்திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளைச் செலவிடுவதில் பொருளில்லை.

இந்தியாவில் இப்படிப்பின் பொதுவான நுழைவாயில் கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். கணினி அறிவியல் தாளில் நெட்வொர்க்கிங் தனிப் பகுதியாகவே இருக்கிறது. ஒருமுறை பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பிஜி தேர்வு இன்னொரு வழி.

உள்ளே நுழைந்ததும் மாணவர் முதலில் முட்டிக்கொள்வது கணிதத்தில், குறிப்பாக நிகழ்தகவில். இளநிலையில் நெட்வொர்க்கிங்கை ஏழு அடுக்குகளாக மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு இது எதிர்பாராத திருப்பம். எல்லா ரவுட்டருக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. வந்துசேரும் பாக்கெட்டுகள், அதாவது சிறு தகவல் துண்டுகள், வெளியே போகும் இணைப்பு காலியாகும்வரை அந்த வரிசையில் காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பைக் கணக்கிடும் முறைக்கு அடித்தளம் போட்டவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங். தொலைபேசி அழைப்புகள் குறித்து 1909-ல் அவர் எழுதிய கட்டுரையில் தொடங்கிய வரிசைக் கோட்பாடு, இணையத்துக்கும் அப்படியே பொருந்திப்போனது.

அதன் மிக எளிய முடிவைப் பார்க்கலாம். பாக்கெட்டுகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, அவற்றின் அளவும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பின் கொள்ளளவில் பாதி பயன்பாட்டில் இருந்தால், ரவுட்டருக்குள் சராசரியாக ஒரே ஒரு பாக்கெட் இருக்கும். பயன்பாடு 80 சதவீதம் ஆனால் நான்கு பாக்கெட்டுகள். 90 சதவீதத்தில் ஒன்பது, 95-ல் பத்தொன்பது, 99-ல் தொண்ணூற்றொன்பது. கடைசி நான்கு சதவீதத்தில் மட்டும் கூட்டம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. 'இணைப்பில் இன்னும் ஐந்து சதவீதம் மிச்சமிருக்கிறதே, அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்கும் மேலாளருக்கு இந்தக் கணக்குத்தான் பதில். இந்த வளைகோட்டைக் கையால் வரைந்து பார்த்த மாணவருக்கு, அதற்குப் பிறகு வரும் பாடங்களில் பாதி தானே விளங்கிவிடும்.

அடுத்து வருவது நெறிமுறைகள். அவற்றின் நடுநாயகம், பாக்கெட்டுகள் தொலையாமல் சென்றுசேர்வதைக் கவனிக்கும் டிசிபி. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து பிறந்தது இது. இதில் முதுநிலை வகுப்பு அதிக நாட்கள் தங்கும் இடம், நெரிசல் கட்டுப்பாடு. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுந்துவிடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. வரிசைகள் நிரம்பிப் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்ததை உணர்ந்த கணினிகள் அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பின. அந்த மறு அனுப்பலே வரிசையை மேலும் நிரப்பியது. ஒவ்வொரு கணினியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எல்லாம் சேர்ந்தபோது நெட்வொர்க் படுத்துவிட்டது.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதற்குக் கண்ட தீர்வு 1988-ல் கட்டுரையாக வந்தது. உலகெங்கும் முதுநிலை வகுப்புகளில் அது இன்றும் வாசிக்கப்படுகிறது. அதன் சாரம் எளியது. அனுப்பும் கணினி தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பாக்கெட் தொலைந்தால், வழியில் எங்கோ நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஏற வேண்டும். நடுவில் இருந்து ஆணையிட யாரும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தானாகவே ஒதுங்கிக் கொடுக்கிறது. இவ்வளவு எளிய விதியால் இணையம் பிழைத்தது என்பது இத்துறையின் பெருமைக்குரிய செய்தி.

அந்த விதிக்கும் எல்லை இருந்தது. நொடிக்கு 10 ஜிகாபிட் வேக இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்கெட் போய், பதில் வந்துசேர 100 மில்லிநொடி. பாக்கெட் ஒன்றுக்கு 1,250 பைட். இணைப்பு நிரம்ப வேண்டுமானால் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பாக்கெட்டுகள் வழியில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பாக்கெட் தொலைந்து, எண்ணிக்கை 50,000 ஆகப் பாதியாகிறது. பதில் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பாக்கெட் வீதம் கூட்டினால், பழைய நிலைக்குத் திரும்ப 50,000 சுற்றுகள், அதாவது 5,000 நொடிகள் பிடிக்கும். கிட்டத்தட்ட 83 நிமிடம்! இதற்கு விடை வந்தது முன்பு சொன்ன அதே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான். அங்கே பேராசிரியர் இன்ஜாங் ரீயும் அவருடைய குழுவினரும் முதலில் பிக் என்ற முறையையும், பிறகு அதைச் செம்மைப்படுத்தி கியூபிக் என்ற முறையையும் உருவாக்கினார்கள். பாக்கெட் தொலைந்த பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, ஒரு முப்படி வளைகோட்டின்படி வேகத்தை ஏற்றுவது கியூபிக். முதலில் விரைவாக ஏறும். முன்பு நெரிசல் கண்ட அளவை நெருங்கும்போது நிதானிக்கும். அங்கே தடை இல்லை என்று தெரிந்தால் மறுபடி வேகமெடுக்கும். 2006-ல் லினக்ஸ் இதைத் தன் இயல்பான முறையாக ஏற்றது. பின்னர் விண்டோஸும் ஏற்றது. சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுவதால், ஒரு பல்கலைக்கழக ஆய்வறையில் வரைந்த வளைகோடு இன்று பல கோடிப் பேருடைய பதிவிறக்கத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. முதுநிலைப் படிப்பின் மதிப்பைக் காட்ட இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

வழித்தேர்வு தனிப் பாடம். ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் குறுகிய வழியைத் தேட, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட வழிமுறை போதும். நிறுவனங்களுக்கு இடையே அது செல்லாது, ஏனென்றால் அங்கே தூரத்தைவிட ஒப்பந்தமும் நம்பிக்கையும் வழியைத் தீர்மானிக்கின்றன. அந்த வேலையைச் செய்வது 1989-ல் பிறந்த பிஜிபி நெறிமுறை. 'இந்த முகவரிகளுக்குப் போக என் வழியாக வரலாம்' என்று ஒரு நெட்வொர்க் அறிவித்தால், பக்கத்து நெட்வொர்க் அதை நம்பி ஏற்கும். 2008 பிப்ரவரி 24-ல் பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகச் செய்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தானின் அறிவிப்பு அதற்குள் 256 முகவரிகளை மட்டும் குறித்தது. குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை என்பது ரவுட்டரின் விதி. எனவே உலகின் பல பகுதிகளில் யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குத் திரும்பின. நிலைமை சீராக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. முகவரி உண்மையில் யாருடையது என்பதை மறையாக்கக் கையொப்பத்தால் உறுதிப்படுத்தும் ஆர்பிகேஐ முறை இப்போது பரவி வருகிறது. நெட்வொர்க் பாதுகாப்பு வகுப்பில் இதற்கு நிச்சயம் இடமுண்டு.

இந்தப் பாடங்களுக்கெல்லாம் உயிர் கொடுப்பது லேப். ஒருகாலத்தில் இதற்கு ஓர் அறை நிறைய ரவுட்டர்கள் தேவைப்பட்டன. ஸ்டான்ஃபோர்டில் இருந்து 2010-ல் வந்த மினிநெட் என்ற மென்பொருள், ஒரே மடிக்கணினிக்குள் ஒரு முழு நெட்வொர்க்கையே உருவாக்கித் தருகிறது. பல இடங்களில் மாணவர்கள் செய்யும் சோதனை ஒன்று: இரண்டு கணினிகள், நடுவில் நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு, பிங் நேரம் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லிநொடி, வரிசையில் 1,000 பாக்கெட்டுகளுக்கு இடம். ஒரு பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியதும் பிங் நேரம் திரையில் மளமளவென்று ஏறி, ஒரு நொடியைத் தாண்டிவிடும். காரணத்தைக் கணக்குப் போட்டால் தெரியும்: 1,500 பைட் பாக்கெட்டுகள் ஆயிரம் என்றால் 120 லட்சம் பிட், நொடிக்கு 100 லட்சம் பிட் வீதம் அது வடிய 1.2 நொடி. குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பரிந்துரை. ஆக, கோப்பு இறங்கும்போது அழைப்பு நாசம். இப்போது வரிசையை 20 பாக்கெட்டாகச் சுருக்கினால் கூடுதல் தாமதம் 24 மில்லிநொடிக்குள் அடங்கிவிடும்; கோப்பின் வேகமோ பெரிதாகக் குறையாது. நினைவகம் மலிவானதால் கருவிகளில் வரிசையை நீளமாக வைத்ததே குற்றம் என்று மாணவர் தன் கையாலேயே கண்டுபிடிக்கிறார். வீட்டு பிராட்பேண்டில் பலரும் அன்றாடம் படும் தொல்லை இதுதான். இதற்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் பஃபர்ப்ளோட். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் தந்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அளந்து இந்தத் தொல்லையைக் கட்டுப்படுத்துகிறது.

வயர்ஷார்க் என்ற இலவசக் கருவியும் லேபில் எப்போதும் திறந்திருக்கும். கம்பியில் செல்லும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் இந்தக் கருவியோடு சில வாரங்கள் பழகினால், பாடநூலில் படமாகப் பார்த்த, இணைப்பைத் தொடங்கிவைக்கும் டிசிபி கைகுலுக்கல் மூன்று வரிகளாகக் கண்முன் நகரும்.

விருப்பப் பாடங்களில் கம்பியில்லா நெட்வொர்க் முக்கியமானது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் உருவாக்கிய அலோகா என்ற வானொலி நெட்வொர்க்கில் இருந்து அது தொடங்கும். எல்லோரும் நினைத்த நேரத்தில் அனுப்பினால் அலைவரிசையில் 18 சதவீதம்தான் பயன்படும். நேரத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 37 சதவீதம் வரை போகலாம். மென்பொருள்வழி நெட்வொர்க் இன்னொரு பாடம். ரவுட்டரின் மூளையைத் தனியே பிரித்து ஒரு மைய மென்பொருளிடம் கொடுக்கும் இந்த எண்ணம், ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன் குழுவினரின் ஆய்வில் வளர்ந்து 2008-ல் ஓப்பன்ஃப்ளோவாக வெளிவந்தது. கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 நெட்வொர்க்கை இதே வழியில் கட்டி, இணைப்புகளை நீண்டகாலச் சராசரியில் 70 சதவீதம் பயன்படுத்துவதாகவும், பல இணைப்புகள் 100 சதவீதத்தை நெருங்குவதாகவும் 2013-ல் அறிவித்தது. வரிசைக் கணக்கு படித்த மாணவர் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்: அந்த அளவில் தாமதம் எகிற வேண்டாமா? எகிறும். ஆனால் அங்கே பெரும்பகுதி, காத்திருக்கக்கூடிய தரவு நகல்கள். அவசரமானவை முன்னே போக, நகல்கள் வரிசையில் பொறுமையாக நிற்கின்றன.

கடைசி ஆண்டில் ஆய்வேடா, கூடுதல் பாடங்களா என்ற கேள்வி வரும். இந்திய எம்.டெக்.கில் ஆய்வுத் திட்டம் பொதுவாகக் கட்டாயம். அமெரிக்காவில் பாடங்களை மட்டும் படித்து முடிக்கவும் வழியுண்டு. வாய்ப்பிருந்தால் ஆய்வேட்டையே எடுப்பது நல்லது. ஒரு சோதனையை வடிவமைத்து, அளந்து, வந்த எண்ணை நம்பலாமா என்று சந்தேகித்து மறுபடி அளக்கும் பழக்கம் வேறெந்தத் தாளிலும் கிடைக்காது. படித்து முடித்தவர்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ரவுட்டர் தயாரிப்பாளர்கள், மேகக் கணினிச் சேவைகள், நெட்வொர்க் பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவற்றில் சேர்கிறார்கள். ஒரு பகுதியினர் முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள். இவ்வேலைகளுக்கான நேர்காணலில் பைத்தானில் நிரல் எழுதத் தெரியுமா என்ற கேள்வியும் இப்போது வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான கருவிகளைக் கையால் அமைத்த காலம் போய்விட்டது.

இத்துறையின் மூலப்பொருள் பெரும்பாலும் இலவசம். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆர்எஃப்சி ஆவணங்களை யாரும் படிக்கலாம். அதன் பணிக்குழுக்களின் மின்னஞ்சல் விவாதங்களில் கட்டணமோ உறுப்பினர் அட்டையோ இல்லாமல் மாணவர்களும் கலந்துகொள்ளலாம். ஐஐடி பேராசிரியர்களின் நெட்வொர்க்கிங் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் கிடைக்கின்றன. மினிநெட், வயர்ஷார்க், லினக்ஸ் மூன்றும் ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓடும். சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையில் நிகழ்தகவு நூல் ஒன்றையும் ஜேக்கப்சனின் 1988 கட்டுரையையும் படித்துவிட்டு வருபவருக்கு முதல் செமஸ்டர் பாரமாக இருக்காது.